கட்டாமல் விட்ட மூலை

ஆம்பல்பேரியில் இன்றைக்கும் யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: பிரமநாயகத்தின் ஓட்டல் முதலில் குளத்துத் தண்ணீருக்குள் எழுந்தது, கரையில் எழுந்தது பிற்பாடு என்று. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நம்பாதவர்களுக்கும் அங்கே இலை போடுவார்கள்.

அந்தக் குளத்துக்கரை நிலத்தின் மேல் பிரமநாயகத்துக்கு முதலில் ஒரு பிடிப்பும் கிடையாது. அப்பா வழியில் வந்த கரட்டு நிலம். பின்னால் பொத்தை என்று ஊரார் சொல்லும் மொட்டைப் பாறைக்குன்று, முன்னால் குளம், குளத்துக்கு அந்தப் பக்கம் மேற்கு மலை, ஓரமாக ஒரு மருதமரம், அவ்வளவுதான். அவருடைய சீவனமெல்லாம் பக்கத்து டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சைக்கிள் கடைக்கும் உரக்கடைக்கும் நடுவே, எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருத்தர் ஒருக்களித்து நிற்க வேண்டிய சந்து மாதிரிக் கட்டடத்தில் நடந்த காபி கிளப்பில்தான். முன்னால் கல்லாவில் அவர்; பின்னால் ஜன்னல் என்ற ஒன்றே இல்லாத அடுக்களையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, அவர் சம்சாரம் சண்முகவடிவு. நாகர்கோவில் போகிறவனும் ராஜபாளையம் போகிறவனும் பஸ்ஸை விட்டாலும் விடுவானே தவிர வடிவு கை ரசத்தை விடமாட்டான் என்று பேர். அத்தனை பேருக்கும் சுடச்சுட அனுப்பியவள், கடைசிப் பந்தி எழுந்து, அண்டா கழுவி, அதற்கும் பிறகு அடுப்புத் திட்டில் சாய்ந்து நின்றபடியே ஆறிப்போனதில் மிஞ்சியதை விழுங்கிவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசி களையப் போவாள். கடையில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டு அவர் பார்த்ததில்லை. பார்க்கிற இடத்தில் அவர் இருந்ததில்லை என்று சொல்வதுதான் நியாயம்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் வருஷத்துக்கு ஒருதரம், குற்றாலத்துச் சாரல் டவுன் வரைக்கும் எட்டிப் பார்க்கும்போது, கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்து ஒரு நிமிஷம் முகத்தைக் காட்டி நின்றுவிட்டுத்தான் கேட்பாள். காற்று வருகிற இடத்தில் ஒரு கடை போட்டால் என்ன என்பாள். அவர் பில்லைக் கம்பியில் குத்திக்கொண்டே "பாப்போம்" என்பார். அந்தப் 'பாப்போம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள்ளேயே அவள் ஆயுசு முடிந்துபோனது. ஒரு மார்கழியில் நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரி, ஊசி, ஆக்ஸிஜன் என்று இழுத்துப் பறித்து, தை பிறக்கும் முன்னே போய்விட்டாள். பிள்ளைகுட்டி கிடையாது. பஸ் ஸ்டாண்டையும் ஊருக்கு வெளியே மாற்றினார்கள், கிளப்பும் படுத்தது. செத்தவள் கேட்டதை அவள் செத்த பிறகு செய்கிறவன்தானே ஆண்பிள்ளை! பிரமநாயகமும் அப்போதுதான் குளத்துக்கரையில் ஓட்டல் கட்டப் புறப்பட்டார்.

பாளையங்கோட்டையிலிருந்து ஜெசிந்தா என்ற பெண் வந்தாள், கட்டடங்களுக்குப் படம் போடுகிறவள், நல்ல கெட்டிக்காரி. அவளிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: காற்று வர வேண்டும், கட்டடம் வந்து இடத்தை மறைக்கக் கூடாது. அவளும் பொத்தைக் கல்லால் சுவர், நாட்டு ஓட்டுக் கூரை, பனங்கை உத்திரம் என்று படத்துக்கு மேல் படமாக வரைந்து, ஒவ்வொன்றையும் அந்த இடத்தில் நின்று தூக்கிப் பிடித்துப் பார்த்து, எதை வரைந்தாலும் எங்கிருந்தோ கொண்டுவந்து இறக்கி வைத்த மாதிரியே இருக்கிறது என்று தன்னைத்தானே நொந்துகொண்டு சுருட்டி வைத்துவிடுவாள்.

அப்படி அவள் சலித்துப்போயிருந்த ஒரு ஆடி மாதக் காலையில், எருமை கழுவ இறங்கினவர்கள் தண்ணீரில் ஒரு கட்டடம் தலைகீழாக நிற்பதைப் பார்த்தார்கள். கரையில் பொத்தை, மருதமரம், நாலு ஆடு. தண்ணீருக்குள் பொத்தை, மருதமரம், நாலு ஆடு, ஒரு ஓட்டல். பொத்தையின் சரிவு எங்கே முடிகிறது, ஓட்டுக்கூரை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி ஒன்றுக்குள் ஒன்று வழிந்து கிடந்தது. அடுக்களையிலிருந்து புகை கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எருமை தண்ணீரைக் கலக்கினால் கலைந்தது. அடங்கினால் திரும்ப வந்து நின்றது.

ஆம்பல்பேரிக்காரர்கள் எதற்கும் லேசில் வாய் பிளக்கிறவர்கள் இல்லை. தலைகீழாக இருப்பதை நேராகப் பார்க்க என்ன வழி என்றுதான் முதலில் யோசித்தார்கள். குளத்துக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, இரண்டு காலுக்கும் இடையில் பார்த்தால் கட்டடம் நிமிர்ந்து தெரிந்தது. அப்புறம் ஊரே அப்படித்தான் நின்றது. பஞ்சாயத்துத் தலைவரும் நின்றார், பூசாரியும் நின்றார், கீழத்தெருவிலிருந்தும் மேலத்தெருவிலிருந்தும் இடுப்புப் பிடித்துக்கொண்டவர்களும் நின்றார்கள். ஜெசிந்தாவும் துப்பட்டாவை இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, குனிந்த வாக்கிலேயே பலகையைத் தரையில் வைத்து, தண்ணீர் காட்டினதைக் காட்டினபடி வரைந்தாள்.

பிறகு அவரவர் பாட்டுக்கு அதை அனுசரித்துக்கொண்டார்கள். தண்ணீர் ஓட்டலில் ஆட்கள் மங்கலாக வருவதும் போவதும் உட்காருவதுமாக இருந்ததால், பெண்கள் அந்தத் துறையில் குளிக்க மாட்டோம், நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில் எப்படி முழுகுவது என்று சொல்லிவிட்டார்கள். பஞ்சாயத்தும் அது ஞாயம்தான் என்று குளிக்கிற துறையை மடைப்பக்கம் மாற்றிக் கொடுத்தது. மீன் குத்தகை எடுத்திருந்த மைதீன் பாய்க்கு வேறு கஷ்டம். அந்தப் பக்கம் வலை வீசினால் விழுகிற கெண்டையில் பெருங்காய வாசனை அடித்தது. கறிக்கு ஆகாது என்று வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் சைவ ஓட்டலுக்குள் வளர்ந்த மீன் பாதி சைவம்தானே என்று, அதுவரைக்கும் மீனைக் கண்ணால் பாராத தெருவிலிருந்து சிலர் துணிப்பையோடு வந்ததாகப் பேச்சு. யார் யார் என்று கேட்காதீர்கள், எல்லாரும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். குளத்துக்குள் ஆக்கிரமிப்பு என்று கேள்விப்பட்டு ஒரு அதிகாரி டேப்போடு வந்தார். தண்ணீரில் நின்று அளந்தார். அளக்க ஒன்றும் அகப்படவில்லை. கரையேறி டீ குடித்துவிட்டு, நல்ல காற்று என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிரமநாயகம் முதல் சில நாட்கள் குனியவே இல்லை. முழங்கால் வலி. நின்றபடியே பார்த்துவிட்டு, ம், நல்லாத்தான் இருக்கு என்று போய்விடுவார். ஒரு நாள் சாரல் நின்று வெயில் அடித்து, தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தபோது, ஜெசிந்தா மேற்கு மூலையில் யாரோ ஒரு அம்மா தினமும் உட்கார்ந்திருக்கிறார்கள், மற்றவர்கள் மாதிரி மங்கலாக இல்லை, பச்சைச் சேலை, நெற்றியில் பெரிய பொட்டு என்று பேச்சுவாக்கில் சொன்னாள். அவர் மருதமரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

கல் பலகையில், மலையைப் பார்த்தவாக்கில், சப்பணம் போட்டு வடிவு உட்கார்ந்திருந்தாள். காற்றில் அவள் முன்தலை மயிர் பறந்துகொண்டிருந்தது. அடுப்படியில் இருந்த காலமெல்லாம் வேர்வையில் நெற்றியோடு ஒட்டிக் கிடந்த மயிர் அது, அது பறந்து அவர் ஒருநாளும் கண்டதில்லை. பிரமநாயகம் குனிந்தவர் நிமிரவில்லை. கட்டட வேலைக்குப் பேசி வைத்திருந்த இசக்கிமுத்து கொத்தனார்தான் வந்து தோளைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தார். அழுகிற ஆளை அழவிட வேண்டும் என்று தெரிந்தவராகையால் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்.

அன்றையிலிருந்து ஊர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், அண்ணி முறை வைத்து, "என்ன மைனி, சௌக்கியமா?" என்று தண்ணீரைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் போனது. பதில் வராது. அவள் உயிரோடு இருக்கும்போதும் வேலை மும்முரத்தில் பதில் சொல்ல நேரமிருந்ததில்லை, அதனால் யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரமநாயகம் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கரையில் போட்டுக்கொண்டு, உரக்கடைக்காரர் மகள் கல்யாணம், புது பஸ் ஸ்டாண்டில் காபி வாயில் வைக்க விளங்காதது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளிடம் பேசின மொத்தப் பேச்சைவிட அந்த ஆவணி மாதத்தில் பேசின பேச்சு அதிகம்.

புரட்டாசியில் வேலை தொடங்கியது. தொடங்கின பிறகுதான் ஒன்று தெரிந்தது. கரையில் அடுக்களைச் சுவர் எழும்ப எழும்ப, தண்ணீரில் அதுவரை புகைந்துகொண்டிருந்த அடுக்களை வெறும் கல்லும் மண்ணுமாகிவிட்டது. இசக்கிமுத்துவும் சித்தாள்களும் சாரமும் தலைகீழாகத் தெரிந்தார்கள், வேறொன்றும் தெரியவில்லை. நடுக்கூடம் எழும்பியது, கூடத்தில் வந்து போய்க்கொண்டிருந்தவர்கள் இல்லை. கட்டினது நிஜமாகிவிடும், நிஜத்துக்கு நிஜத்தின் நிழல்தானே விழும் என்று ஊரில் இதையும் சாதாரணமாகவே பேசிக்கொண்டார்கள். வருத்தப்பட்டது மைதீன் பாயிடம் துணிப்பையோடு வந்தவர்கள் மட்டும்தான்.

ஒரு நாள் இசக்கிமுத்து, ஆர்வக்கோளாறில், வடிவு மைனி உட்கார்ந்திருக்கிற அந்தக் கல் பலகையை முதலில் போட்டுவிடலாம், அவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று, பொத்தையிலிருந்து நல்ல கல்லாகப் பார்த்து உருட்டி வந்து மேற்கு மூலையில் மட்டம் பார்த்துப் போட்டுவிட்டார். பிரமநாயகம் வந்து பார்த்தபோது தண்ணீரில் வடிவு இடுப்புக்குக் கீழே இல்லை. பச்சைச் சேலையின் மடிப்பு இருந்த இடத்தில் வெறுங்கல் தெரிந்தது. அவர் போட்ட சத்தத்தில் மருதமரத்துக் கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. கல்லை எடுத்துப் பார்த்தார்கள். போனது போனதுதான், திரும்பவில்லை. இசக்கிமுத்து சாப்பிடாமல் கொள்ளாமல் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, கடைசியில் பிரமநாயகமே போய்த் தேற்றி, கல்லை இருந்த இடத்திலேயே போடச் சொன்னார்.

"இனி அந்த மூலையில ஒரு செங்கல் வைக்கப்படாது. ஒரு குச்சி ஊனப்படாது."

கொத்தனார் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "மூலையில தூண் இல்லாம கூரை எதுல நிக்கும் அண்ணாச்சி?"

 கூரை நிற்காவிட்டால் ஓட்டலே வேண்டாம் என்றார் பிரமநாயகம். போட்ட பணமெல்லாம் போகட்டும் என்றார். அவள் கேட்ட ஓட்டலைக் கட்டினால் அவளே போய்விடுவாள் என்றால் அந்த ஓட்டல் யாருக்கு என்று ஜெசிந்தாவைப் பார்த்துக் கேட்டார். வேலை நின்றது. பாதிச் சுவரில் ஓணான் ஏறி விளையாடியது.

ஜெசிந்தா ஊருக்குப் போய்விட்டுப் புதுப் படத்தோடு திரும்பினாள். தண்ணீர் காட்டினதை மீறி அவளாக வரைந்த இடம் அந்த மூலை ஒன்றுதான். கூரையை மேற்குப் பக்கம் நீட்டாமல் மருதமரத்துக்கு இப்பாலே வளைத்து இறக்கிவிட்டாள். அதற்கப்பால் சுவரில்லை, தூணில்லை, கல் பலகையும் மர நிழலும் தண்ணீரும் மலையும்தான். கட்டி முடித்தபோது குளத்துக்கு அக்கரையில் நின்று பார்த்தால் பொத்தை தன் பாட்டுக்குச் சரிந்து வந்து மரத்தடியில் இளைப்பாறுகிற மாதிரி இருந்தது. அங்கே ஓட்டல் இருப்பது புகையை வைத்துத்தான் தெரிந்தது. இவ்வளவு நாளும் நான் வரைந்த எல்லாவற்றுக்கும் நாலு மூலை இருந்தது, இந்த இடத்தில் எதற்குமே மூலை கிடையாது, அதுதான் பொருந்தாமல் இருந்திருக்கிறது என்று அவள் இசக்கிமுத்துவிடம் சொன்னாளாம். திறந்து கிடந்த அந்த மூலை வழியாகத்தான் மலைக்காற்று முழுசாக உள்ளே வந்தது.

பிரமநாயகத்துக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அவருக்கு வேறொன்று பட்டுக்கொண்டிருந்தது. முதல் நாளே பட்டதுதான், யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். அதை ஜெசிந்தா சொல்லிவிட்டாள்.

"அம்மா முன்னால இலை இருக்கு, அண்ணாச்சி. தண்ணி தெளிச்ச இலை. அவங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

உண்மை. இடுப்புக்கு மேலே மட்டும் மிஞ்சியிருந்த வடிவு, அந்தரத்தில் நின்ற ஒரு தலைவாழை இலைக்கு முன்னால், மலையைப் பார்ப்பதும் இலையைப் பார்ப்பதுமாக இருந்தாள். இலையில் ஒன்றுமில்லை. விஷயம் ஊருக்குத் தெரிந்ததும் ஊர் தனக்குத் தெரிந்ததைச் செய்தது: படித்துறையில் விளக்கேற்றி, வடிவு படத்தை வைத்து, அவளுக்குப் பிடித்ததெல்லாம் ஆக்கிப் படையல் போட்டார்கள். செத்தவர்கள் வந்து எடுத்துக்கொள்ளும்போது யாரும் பார்க்கக் கூடாதல்லவா, சாத்துவதற்கு அங்கே கதவு ஏது, அதனால் அத்தனை பேரும் குளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். வழக்கமாகிப்போன பழக்கத்தில் இரண்டொருவர் குனியப் போக, பக்கத்தில் நின்றவர்கள் முதுகில் தட்டி நிமிர்த்தினார்கள். திரும்பிப் பார்த்தபோது தண்ணீரில் இலை வெறுமையாகத்தான் இருந்தது. காக்கை வந்து படையலைக் கொத்திக்கொண்டு போனது.

"படைக்கிறது வேற. பரிமாறுறது வேற," என்றார் பிரமநாயகம். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

செய்ய வேண்டியது என்ன என்பது அவருக்கும் தெரியும், ஜெசிந்தாவுக்கும் தெரியும், இசக்கிமுத்துவுக்கும் தெரியும். கரையில் அந்தக் கல்லின் மேல் நிஜ இலை போட்டு நிஜச் சோறு வைத்தால்தான் தண்ணீரில் அவள் இலையில் விழும். வைத்தால் அதுவும் நிஜமாகிவிடும். கல் இடுப்பு வரைக்கும் கொண்டுபோனது, சோறு மிச்சத்தைக் கொண்டுபோய்விடும். வைக்காவிட்டால் இருப்பாள். குளத்தில் தண்ணீர் இருக்கிற வரைக்கும், வருஷா வருஷம் பெருகப் பெருக, பச்சைச் சேலையும் பெரிய பொட்டும் காற்றில் பறக்கிற தலைமயிருமாக, பசியோடு இருப்பாள். அவர் தினமும் பார்த்துக்கொண்டிருக்கலாம். பார்த்துக்கொண்டிருக்கத்தான் அவருக்கு ஆசை. அந்த ஆசையைத் தப்பு என்று சொல்ல ஊரில் ஒருத்தருக்கும் மனசு வரவில்லை.

தை பிறந்து ஓட்டல் திறந்தார்கள். குளம் நிறைந்து மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. ஆம்பல்பேரி முழுக்க வந்து கூடத்தில் பந்தி பந்தியாக உட்கார்ந்தது. சமையலுக்கு ஆள் வைத்திருந்தும், அன்றைக்கு ஒரு அடுப்பில் மட்டும் பிரமநாயகம் நின்றார். காலம் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருந்த மனுஷர், பருப்பு எப்போது வெந்தது என்று கேட்டுக் கேட்டு, சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழியத் தெரியாமல் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டு, தன் கையால் சோறும் சொதியும் ரசமும் இஞ்சிப் பச்சடியும் வடையும் ஆக்கினார். ஓட்டலில் முதல் இலை பிள்ளையாருக்கா, பஞ்சாயத்துத் தலைவருக்கா என்று பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே அவர் ஒரு தலைவாழை இலையை எடுத்துக்கொண்டு, வாளிகளும் கரண்டியுமாக மரத்தடிக்குப் போய்விட்டார். 

இலையைக் கல்லின் மேல் போட்டார். தண்ணீர் தெளித்துத் துடைத்தார். உப்பு வைத்தார், பச்சடி வைத்தார், வடை வைத்தார். வைக்க வைக்கத் தண்ணீரில் அந்தந்த இடத்தில் அந்தந்தப் பண்டம் விழுந்தது. விழுந்ததைக் கண்டதும் வடிவு நிமிர்ந்து பார்த்தாள். சோற்றைப் போட்டுக் குழி பறித்துச் சொதியை ஊற்றினார். அவள் பிசைந்தாள். பிசைகிற கை தெளிவாக இருந்தது. தோள் மங்கிக்கொண்டு வந்தது. அவர் பிடித்திருந்த வாளி கல்லில் முட்டியது.

"மெதுவா சாப்பிடு வடிவு. அடுத்த பந்திக்கு ஆள் நிக்கல."

கூடத்தில் நிறைந்திருந்த சனம், முன்னால் போட்ட இலையில் ஈ உட்கார்ந்ததைக்கூட ஓட்டாமல், ஆள் இல்லாத மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தது. வடிவு மெதுவாகத்தான் சாப்பிட்டாள். ஒவ்வொரு கவளத்துக்கும் ஒருமுறை மலையைப் பார்த்தாள். ரசம் வேண்டுமா என்று கேட்டபோது கையை இலைக்குக் குறுக்கே வைக்காமல் குழித்து நீட்டினாள். அவர் ஊற்றினார், அவள் உறிஞ்சிக் குடித்தாள். கடைசியாகத் தெரிந்தது முகம் மட்டும். அதில் பசி இல்லை. காற்று வந்து தண்ணீரை ஒரு தடவை சுருக்கிவிட்டுப் போனது. அடங்கினபோது மருதமரம், மலை, கையில் வாளியோடு குனிந்து நிற்கிற ஒரு கிழவர், அவ்வளவுதான் இருந்தது.

பிரமநாயகம் நிமிர்ந்தார். பிறகு கல்லைப் பார்த்தார். கரையில் அவர் போட்ட நிஜ இலை, வழித்துச் சாப்பிட்ட இலையாகக் கிடந்தது. மடக்கவில்லை. ஓரத்தில், வடையில் பாதியைப் பிட்டு ஒதுக்கி வைத்திருந்தது. புருஷன் சாப்பிட்டு எழுந்த இலையில் பெண்டாட்டி உட்காருவது அவர்கள் தெருவில் வழக்கம். தீபாவளி பொங்கலுக்கு அவர் இலையில் வடிவும் உட்கார்ந்திருக்கிறாள். பிரியமுள்ளவர்கள் இலையை மடக்காமல் எழுவார்கள், பின்னால் உட்காருகிறவளுக்கென்று ஓரத்தில் எதையாவது மிச்சம் வைப்பார்கள். பிரமநாயகம் மடக்காமல் எழுந்ததுண்டு. மிச்சம் வைத்ததில்லை.

அவர் வாளியைக் கீழே வைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மலையைப் பார்த்தவாக்கில், அந்த இலைக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். இசக்கிமுத்து சொல்லாமலே எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்து, அவள் சாப்பிட்ட இடத்திலேயே சோற்றைப் போட்டு, வாளியில் மிச்சமிருந்த சொதியை ஊற்றினார். கூடத்திலும் பரிமாறத் தொடங்கினார்கள்.

பிரமநாயகம் பிசைந்து ஒரு வாய் வைத்தார். உப்பு கரித்துக்கொண்டு வந்தது, வாயில் வைக்க முடியவில்லை. அதை அவள் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டிருந்தாள்.